தரை டிக்கெட்டுக்கு இடமில்லை: புரசைவாக்கம் தியேட்டர்கள் கடைகளான வரலாறு

2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னை புரசைவாக்கத்தில் அபிராமி மெகா மாலை இழுத்து மூடினார்கள். 1976ல் அபிராமி, பால அபிராமி என்று தியேட்டராகத் தொடங்கியது அது. 2000த்துக்குப் பிறகு கடை, சாப்பாட்டுக் கூடம், பிள்ளைகள் விளையாடும் இடம் எல்லாம் சேர்ந்த மாலாக மாறி, நாலு திரைகளோடு ஓடிக்கொண்டிருந்தது. இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகளோடு புதுக் கட்டிடம் எழுப்பப் போவதாகச் சொன்னார்கள். பத்திரிகைகளில் அஞ்சலிகள் வந்தன. காலேஜ் நாட்கள், முதல் நாள் முதல் காட்சி, இடைவேளைப் பாப்கார்ன் என்று ஆளாளுக்கு ஒரு நினைவு.

அந்த அஞ்சலிகளில் தரை டிக்கெட் இல்லை. தியேட்டர் மூடியதற்கு அழுகிறவர்கள் பால்கனியில் இருந்து அழுகிறார்கள். தரை அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. அது எந்தத் தேதியில் மூடியது, யார் மூடினார்கள் என்று ஒரு செய்தியும் வரவில்லை. தமிழ்நாட்டு சினிமா வரலாறு நடிகர் வரலாறாக எழுதப்பட்டிருக்கிறது, கட்சி வரலாறாக எழுதப்பட்டிருக்கிறது, பாட்டு வரலாறாகவும் எழுதப்பட்டிருக்கிறது. உட்கார்ந்த சனங்களின் வரலாறாக எழுதப்பட்டது மிகக் குறைவு. அதை நாம்தான் எழுத வேண்டும்.

ஆரணிப் பக்கத்துச் சேரியில் பிறந்தவனுக்குப் புரசைவாக்கம் என்ன சொந்தம் என்று கேட்கலாம். சொந்தம் உண்டு. வடாற்காட்டுச் சேரிகளில் இருந்தும் செங்கல்பட்டுச் சேரிகளில் இருந்தும் பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் போய் இறங்கிய இடங்கள் பெரம்பூரும் புளியந்தோப்பும் ஓட்டேரியும். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் புரசைவாக்கம். அவர்கள் ஊருக்குத் திரும்பி வரும்போது மூட்டையில் மில் துணி கொண்டுவந்தார்கள். வாயில் சினிமாக் கதை கொண்டுவந்தார்கள்.

உட்கார ஓர் இடம்

1924ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம், சந்தை, மக்கள் கூடும் பொது இடம் எதிலும் தாழ்த்தப்பட்டவர்களைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். மனுசன் தெருவில் நடக்கலாம் என்பதற்கே தீர்மானம் தேவைப்பட்ட காலம். 1938ல் எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதா சமூக இயலாமைகளை நீக்கும் சட்டமானது. 1939 ஜூலையில்தான் மதுரை மீனாட்சி கோயில் கதவு நமக்குத் திறந்தது. 1957ல்கூட திருவல்லிக்கேணி ஓட்டல் ஒன்றின் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற எழுத்தை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது.

இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் சினிமாவின் தேதிகளை வைத்துப் பாருங்கள். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். 1913ல் மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டினார். இரண்டே வருசத்தில் அது மூடப்பட்டுத் தபால் துறையிடம் போனது. 1914ல் ரகுபதி வெங்கையா கெயிட்டி கட்டினார். இந்தியர் ஒருவர் சென்னையில் கட்டிய முதல் சினிமா கொட்டகை அது. அதே வெங்கையா தங்கசாலையில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப் என்று மேலும் இரண்டு கட்டினார். அந்தக் குளோப்தான் பின்னால் ராக்ஸி ஆனது.

1914ல் இருந்து 1939 வரை 25 வருசம். மீனாட்சி கோயில் திறப்பதற்கு 25 வருசம் முன்னாலேயே காசு கொடுத்தால் உள்ளே விடுகிற கூடம் ஒன்று சென்னையில் இருந்தது. முதலாளி புண்ணியம் கருதி இதைச் செய்யவில்லை. டிக்கெட் விற்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் சேரிக்காரன் காசைக் கொடுத்து, சீட்டை வாங்கி, ஒரு கூரைக்குக் கீழே மற்றவர்களோடு உட்காருவது என்பது இந்த நாட்டில் சின்ன விசயமில்லை.

ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி 1981ல் தமிழ் சினிமா பற்றி எழுதிய நூலில் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமா கொட்டகை என்பதும், அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு தீர்மானிக்காமல் கொடுக்கும் காசு தீர்மானித்தது என்பதும் அவர் கருத்து. நம் ஆய்வாளர்கள் இதைத் திரும்பத் திரும்ப எடுத்தாள்கிறார்கள்.

சிவத்தம்பி சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல ரோஸி வேண்டும். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் ‘விகதகுமாரன்’ என்ற மலையாளத்தின் முதல் மௌனப்படம் காட்டப்பட்டது. ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் சொல்கிறார்கள். அதில் நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோஸி புலையர் சமூகத்துப் பெண். நம் சாதி வேசத்தைத் தீண்டத்தகாதவள் போடுவதா என்று ஆதிக்க சாதியார் திரையின் மேல் கல் எறிந்தார்கள். ரோஸி ஊரை விட்டு ஓடித் தமிழ்நாட்டில் பெயரும் அடையாளமும் மறைத்து வாழ்ந்து செத்துப்போனார். காசு கொடுத்தவனைக் கொட்டகை உள்ளே விட்டது. திரைக்கு மேலே போனவளை ஓட ஓட விரட்டியது. தரையில் உட்காரலாம், திரையில் தெரியக் கூடாது. இந்த எழுதாத சட்டம் வெகுகாலம் இருந்தது.

விளக்கு போட்டால் சாதி

காசுதான் இடத்தைத் தீர்மானித்தது என்பதையும் அப்படியே ஒத்துக்கொள்ள முடியாது. காசு யாரிடம் இருந்தது? நிலம் இருந்தவனிடம் இருந்தது. ஆகவே நாற்காலி ஊருக்கு, பெஞ்சு ஊரில் கொஞ்சம் வசதி குறைந்தவனுக்கு, தரை சேரிக்கும் மற்ற கூலிகளுக்கும் என்று அமைந்துபோனது. நகரத்துத் தியேட்டர்களில் தரை டிக்கெட்டுக்குத் தனி வழி உண்டு. முகப்பு வாசலில் பெரிய மனிதர்கள். பக்கத்துச் சந்தில், ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய குறுகல் சுவருக்கு நடுவில் நாம். போலீஸ் தடியடி விழுந்தாலும் அந்தச் சந்தில்தான் விழும்.

1927ல் வெள்ளை அரசாங்கம் சினிமாவைப் பற்றி விசாரிக்கச் சென்னைக்காரரான டி. ரங்காச்சாரியார் தலைமையில் ஒரு குழு போட்டது. மறு வருசம் அறிக்கை வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத சனங்களை சினிமா கெடுத்துவிடுமா என்பது அன்று படித்தவர்களைப் பிடித்து ஆட்டிய கவலைகளில் ஒன்று. சபாவில் உட்கார்ந்து கச்சேரி கேட்டவர்களுக்கு சினிமாவின் மேல் இருந்த வெறுப்பை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1996ல் எழுதிய கட்டுரை விரிவாகப் பேசுகிறது. படத்தைத் திட்டுகிற மாதிரித் திட்டி, படம் பார்க்கிற கூட்டத்தைத் திட்டினார்கள். தரை டிக்கெட் என்ற சொல்லே வசவானது. “தரை டிக்கெட் ரசனை” என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் எந்தத் தெரு இருக்கிறது என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

கிராமத்தில் இது இன்னும் வெளிப்படை. ஆரணி, போளூர், செய்யாறு வட்டாரங்களில் டூரிங் கொட்டகை என்றால் கீற்றுக் கூரை, பக்கத்துக்குத் தட்டி, கீழே மணல். ஆம்பளைப் பக்கம், பொம்பளைப் பக்கம் என்று நடுவில் ஒரு தடுப்பு. ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருக்கும். ஆகவே ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். ஒரு படத்துக்கு மூணு நாலு இடைவேளை. ஒவ்வொரு தடவையும் விளக்கு போடுவார்கள். அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைத்துக் கிழவியான எங்கள் பெரியம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“நாலணா சீட்டுதான் நமக்கு. மணல கூட்டிக் குமிச்சி மேல உக்காந்துக்குவோம், அப்பத்தான் படம் தெரியும். பின்னால ஊர்க்காரப் பொம்பளைங்க உக்காந்திருந்தா, ‘ஏய், மேட்டக் கலைச்சிட்டு உக்காருடி’ன்னுவாளுங்க. அவளும் நாலணாதான் குடுத்தா, நானும் நாலணாதான் குடுத்தன். அவ மேட்டு மேல உக்காருவா, நான் உக்காரக் கூடாது. வெளக்கு போட்டா நான் மேட்டக் கலைச்சிருவன். வெளக்கு நின்னுச்சின்னா திரும்பக் குமிச்சிக்குவன். இருட்டுல யாருக்குத் தெரியும், நீ யாரு நான் யாருன்னு?”

சிவத்தம்பி சொன்னதற்கும் நடந்ததற்கும் நடுவில் இருந்த தூரம் பெரியம்மா குவித்த மணல்மேட்டின் உயரம்தான். அந்தக் காலத்துச் சேரிப் பெண்ணுக்குக் கிடைத்த சுதந்திரம் ஒரு ரீல் ஓடுகிற நேரம். அதையும் யாரும் கொடுக்கவில்லை. இருட்டில் கையால் குவித்து எடுத்துக்கொண்டாள்.

தறிக்காரர்களையும் சொல்ல வேண்டும். ஆரணிப் பட்டு என்று இன்று புவிசார் குறியீடு வாங்கியிருக்கிற சேலையைத் தறிக்குழியில் கால் வைத்து நெய்தவர்களும், தார் சுற்றிக் கொடுத்த பிள்ளைகளும் முன்பணக் கடனில் கட்டுப்பட்ட கூலிகள். பாவு முடிந்து கூலி கைக்கு வரும் நாளில் அவர்களும் அதே மணலில் வந்து உட்கார்ந்தார்கள். சேரிக் கூலியும் தறிக் கூலியும் தோள் உரச உட்கார்ந்த இடம் வேறு எது? பகலில் அவர்கள் தெருவுக்குள் நாம் செருப்போடு நடக்க யோசிக்க வேண்டியிருந்தது. ராத்திரி ஒரே கதைக்கு இரண்டு பேரும் அழுதோம். காலையில் பழையபடி அவரவர் தெரு. கொட்டகை சாதியை ஒழிக்கவில்லை. சாதி இல்லாமல் மூணு மணி நேரம் உட்கார முடியும் என்பதை மட்டும் காட்டிவிட்டது.

ஆலைச் சங்கும் இரவுக் காட்சியும்

புரசைவாக்கத்துக்கு வருவோம். பக்கிங்காம் மில் 1876ல் வந்தது, கர்நாடிக் மில் 1881ல். இரண்டும் சேர்ந்து பி அண்ட் சி மில். பின்னி கம்பெனி நடத்தியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களில் ஆதிதிராவிடர் பெரும்பகுதி. 1921ல் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தில் சாதி இந்துத் தொழிலாளர்களும் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் இரண்டாகப் பிளந்தார்கள். புளியந்தோப்பில் நம் குடிசைகள் எரிந்தன. வர்க்கம் பேசுகிறவர்கள் எளிதில் தாண்டிப் போகிற பக்கம் அது.

ஒரே மில்லில் ஒரே நூலை ஓட்டியவர்கள் வெளியே வந்தால் தனித்தனித் தெருவுக்குப் போனார்கள். சங்கம் உடைந்தது, குடியிருப்பு எரிந்தது. அதற்கப்புறமும் இரண்டு தரப்பும் ஒரே வாசலில் சீட்டு வாங்கி நுழைந்த கூடங்கள் புரசைவாக்கத்தில் இருந்தன. ராக்ஸி மட்டுமில்லை. பின்னால் புவனேஸ்வரி, மேகலா, மோட்சம், அபிராமி என்று அந்த ஒரு வட்டாரத்திலேயே எத்தனை தியேட்டர்! ஷிப்டு முடிந்தவன் இரவுக் காட்சிக்குப் போகலாம். வேலை கிடைக்காதவன் பகல் காட்சிக்குப் போகலாம். ஒண்டுக் குடித்தனத்தில் கால் நீட்ட இடமில்லாத குடும்பத்துக்கு மூணு மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே உட்கார இடம். சென்னைக் குடிசைவாசிக்கு தியேட்டர் என்பது கலைக்கூடம் மட்டுமில்லை, வீட்டின் விடுபட்ட அறையும் அதுதான்.

பார்த்தது என்ன?

நாம் கூடத்துக்குள் இருந்தோம். திரையில் இருந்தோமா?

1935ல் ‘பக்த நந்தனார்’ வந்தது. ஆண் வேசத்தில் நந்தனாக நடிக்க கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் கொடுத்தது அன்று நாடு முழுக்கப் பேச்சு. 1942ல் தண்டபாணி தேசிகர் நடித்து ஜெமினியின் ‘நந்தனார்’ வந்தது. நந்தனைக் கோயில் வாசலில் நிறுத்திய கதை. நெருப்பில் இறங்கிப் பூணூலோடு எழுந்தால்தான் உள்ளே விடுவார்கள். அந்தக் கதையை நெருப்பில் குளிக்காமலே, சில அணாக்கள் கொடுத்துக் கொட்டகைக்குள் நுழைந்து உட்கார்ந்த நந்தன்மார் பார்த்தார்கள். படம் சொன்ன பாடம் ஒன்று, கொட்டகை சொன்ன பாடம் இன்னொன்று. இரண்டில் எதை நம் தாத்தா வீட்டுக்கு எடுத்துப் போனார் என்பதை எந்த விமர்சகரும் கேட்டதில்லை.

1956ல் ‘மதுரை வீரன்’. எம்.ஜி.ஆருக்கு மாபெரும் வெற்றி தேடித்தந்த படம். சக்கிலியர் குலத்து வீரனாக மக்கள் கும்பிடுகிற மதுரை வீரனை, படத்தில் ராசா பெற்ற பிள்ளையாகப் பிறக்கவைத்துச் செருப்புத் தைக்கும் தம்பதி வளர்த்ததாக மாற்றினார்கள். கூத்துக் கதைகளிலேயே இந்தத் திருத்தம் இருந்தது உண்மைதான். ஆனால் சினிமா அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் நிலைக்கவைத்தது. வீரம் வேண்டுமென்றால் பிறப்பை மாற்றிக்கொள் என்ற செய்தி. அதற்கும் விசில் அடித்தது நம் தரைதான். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992ல் எம்.ஜி.ஆரைப் பற்றி எழுதிய நூலில் கேட்ட கேள்வி இங்கேதான் பொருந்துகிறது: ஏழைகளுக்காக வாளெடுத்த திரை நாயகனை ஏழைகள் ஆட்சியில் ஏற்றினார்கள். அந்த ஆட்சி ஏழைகளுக்கு எதைத் திருப்பிக் கொடுத்தது?

ஆகவே தரை டிக்கெட்டைப் பொற்காலம் என்று பாட நான் வரவில்லை. அந்தத் தரையில்தான் நம் கைத்தட்டல் திருடப்பட்டது, ஓட்டு திருடப்பட்டது. நம் தெரு இளைஞர்கள் சொந்தக் காசில் ரசிகர் மன்றப் பலகை வைத்து அடுத்தவன் படத்துக்குப் பாலூற்றினார்கள். ஆனால் அந்த மன்றப் பலகைதான் பல சேரிகளில் தெருமுனையில் நின்ற முதல் பொதுப் பலகை என்பதையும் மறக்கக் கூடாது. கூட்டம் போடவும், போஸ்டர் ஒட்டவும், தலைவர் செயலாளர் என்று பொறுப்பு போட்டுக்கொள்ளவும் அங்கே பழகியவர்களில் பலர் பின்னால் நீலக் கொடியின் கீழ் வந்தார்கள். இழந்தது எது, கற்றது எது என்று இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

தரை போன கதை

1975ல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. எண்பதுகளில் வீடியோ கேசட், 1993ல் சன் டிவி. வீட்டில் படம் ஓடத் தொடங்கியதும் தியேட்டரில் கூட்டம் குறைந்தது. அதே காலத்தில் நகரத்து மனை விலை ஏறியது. படம் ஓட்டி வருகிற வருமானத்தை விட இடத்தை விற்றால் வருகிற பணம் பல மடங்கு. முதலாளி கணக்குப் பார்த்தான். தியேட்டர் நின்ற நிலம் கடை கேட்டது.

வரிசையாகப் பாருங்கள். மவுண்ட் ரோட்டு எல்பின்ஸ்டன் இருந்த இடத்தில் ரஹேஜா கட்டிடம். வெலிங்டன் தியேட்டர் வெலிங்டன் பிளாசா ஆனது. 1964ல் ஒரே வளாகத்தில் சபையர், எமரால்டு, புளூ டைமண்ட் என்று மூணு திரைகளோடு வந்து நாட்டுக்கே புதுமையாக இருந்த சபையர் தொண்ணூறுகளில் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. 1961ல் திறந்த சாந்தி 2016ல் மூடியது. 1983ல் வந்த அசோக் நகர் உதயம் 2024ல் மூடியது. மதுரையில் 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,500க்கு மேல் இருக்கை. ஆசியாவிலேயே பெரியது என்று பேர். அந்த இடத்தில் இன்று பட்டு விற்கிற ஜவுளி மாளிகை. புரசைவாக்கத்தில் வெங்கையாவின் குளோப், பிந்தைய ராக்ஸி நின்ற இடத்திலும் பெரிய துணிக்கடைதான்.

துணிக்கடை! ஆரணிக்காரனுக்கு இது உறுத்துகிறது. பாவு முடிந்த நாளில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவன் நெய்த சேலைக்குக் கண்ணாடி மாளிகையில் ஏசி போட்ட இடம் இருக்கிறது. நெய்தவனுக்கு உட்கார்ந்த இடம் இல்லை. நூல் ஓட்டியவன் கதையும் இதேதான். 1996ல் பின்னி மில் மூடியது. மில் நிலத்தில் அடுக்குமாடி வந்தது. வேலை போன தெருவில் தியேட்டரும் போனது. இரண்டையும் தனித்தனிச் செய்தியாகப் படிக்கிறோம். ஒரே நிலம், ஒரே மனை வியாபாரம், ஒரே சனங்களின் வெளியேற்றம்.

இடிபடாமல் மாலாக மாறியவை என்ன ஆயின? ஆயிரம் பேர் உட்கார்ந்த கூடத்தை இருநூறு முந்நூறு பேர் உட்காரும் அறைகளாக வெட்டினார்கள். முதலில் காணாமல் போனது தரை, பிறகு பெஞ்சு. எல்லாம் மெத்தை இருக்கை. அரசு விதித்த டிக்கெட் கட்டுப்பாட்டின் மிச்சமாகச் சென்னை மல்டிபிளெக்ஸ்களில் 10 ரூபாய் டிக்கெட் என்று ஒன்று ரொம்ப நாள் இருந்தது. திரைக்கு மூக்குக்கு நேராக முன்வரிசை. நேரில் போய் வரிசையில் நின்றால்தான் பெரும்பாலும் கிடைக்கும். தரை டிக்கெட்டின் கடைசிப் பேரப்பிள்ளை அது. மற்ற இருக்கைகளுக்கு 120 ரூபாய் என்று இருந்த உச்சவரம்பை 2017 அக்டோபரில் அரசு 150 ஆக்கியது. அதே வருசம் ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, அதன் மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி. ஐந்து பேர் உள்ள குடும்பம் மல்டிபிளெக்சில் படம் பார்க்க இருக்கைக்கு மட்டும் 750 ரூபாய். வரி தனி. வீட்டில் இருந்து கட்டிக்கொண்டு போன முறுக்கை வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

விலையை விடப் பெரிய தடை கட்டிட அமைப்பு. பழைய தியேட்டருக்கு வாசல் தெருவைப் பார்த்து இருக்கும். ஒரு அடி எடுத்துவைத்தால் கவுண்டர். மாலில் திரை மூணாவது மாடியில். அதற்குப் போக உலோகச் சோதனைக் கதவு, பையைத் திறந்து காட்டு, கண்ணாடிக் கடைகள் நடுவே நட, நகரும் படியில் ஏறு. ஒவ்வொரு இடத்திலும் ஒரு சீருடைக்காரர் ஆளை மேலும் கீழும் பார்ப்பார். அவரும் பெரும்பாலும் நம் தெருவில் இருந்து வந்தவராகவே இருப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து நம் அம்மாக்கள் திரும்பிவிடுகிறார்கள். சந்துவழிச் சுவர் போய்விட்டது. இப்போது சுவர் கண்ணாடியால் ஆனது, அவ்வளவுதான்.

அந்த மாலும் நிலைக்கவில்லை என்பதுதான் அபிராமியின் பாடம். தரையை விரட்டி மெத்தை போட்டார்கள். மெத்தையை விரட்டி வீட்டுமனை போட்டார்கள். நிலத்துக்கு எது அதிக விலை தருகிறதோ அதுதான் நிற்கும் என்றால், இன்றைக்கு மெத்தையில் உட்கார்ந்திருப்பவரும் நாளைக்குத் தரை டிக்கெட்தான்.

திரைக்குள் வந்தோம், கூடத்தில் இல்லை

இந்த வரலாற்றில் கசப்பான ஒரு திருப்பம் இருக்கிறது. 2012ல் ‘அட்டகத்தி’, 2014ல் ‘மெட்ராஸ்’, 2016ல் ‘கபாலி’, 2018ல் ‘பரியேறும் பெருமாள்’. பிறப்பை மாற்றாமல், ராசா பிள்ளை என்று பொய் சொல்லாமல் நம் தெரு, நம் சாவுமேளம், நம் சுவர், நம் நாய் எல்லாம் திரைக்கு வந்தன. ரோஸிக்குக் கல் எறிந்தவர்களுக்கு எண்பது வருசம் கழித்துச் சொன்ன பதில். ஆனால் அந்தப் பதிலை முதலில் கேட்க வேண்டியவர்களுக்கு உட்கார இடம் குறைந்துபோனது. வடசென்னைக் குடியிருப்பின் கதையை அந்தக் குடியிருப்புக்காரர் திருட்டு சிடியிலும் செல்போனிலும் பார்த்தார்கள். திரையில் நாம் இல்லாத காலத்தில் கூடம் நிறைய இருந்தோம். திரையில் வந்தபோது கூடம் கைநழுவிவிட்டது.

2023 மார்ச் 30ஆம் தேதி, ‘பத்து தல’ படத்தின் முதல் நாள். சென்னை கோயம்பேடு ரோகிணி தியேட்டரில் நரிக்குறவர் குடும்பம் ஒன்று கையில் டிக்கெட்டோடு போனது. ஊழியர்கள் உள்ளே விடவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் செல்போனில் படம் பிடித்துக் கேள்வி கேட்டார்கள், விசயம் பரவியது. பிறகு உள்ளே விட்டார்கள். யு/ஏ சான்றிதழ் படம், 12 வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்ததால் நிறுத்தினோம் என்றது தியேட்டர் நிர்வாகம். அதே படத்துக்கு அதே வயதுப் பிள்ளைகளோடு வந்த மற்றக் குடும்பங்களை நிறுத்தினீர்களா என்று சனங்கள் திருப்பிக் கேட்டார்கள். அந்த வருசம் ஜனவரியில்தான் நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்த சட்டம் வந்திருந்தது. போலீஸ் ஊழியர்கள் மேல் வழக்குப் போட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 1955ல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, மத்திய அரசின் தீண்டாமைக் குற்றச் சட்டம். கடை, ஓட்டல், பொதுப் பொழுதுபோக்கு இடம் எதிலும் தீண்டாமை காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றம் என்றது. இரண்டாவது, சென்னை மாகாணத்தின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம். தியேட்டருக்கு லைசென்ஸ், இருக்கை, கதவு, பாதுகாப்பு எல்லாம் இதில் அடங்கும். முதல் சட்டம் யாரையும் தடுக்காதே என்றது. இரண்டாவது சட்டம் கூடம் எப்படி இருக்க வேண்டும் என்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015ல் வந்த திருத்தமும் பொழுதுபோக்கு இடத்துக்குள் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. இவ்வளவும் வாசலில் ஓர் ஆள் கையை நீட்டித் தடுத்தால்தான் பயன்படும். கோயம்பேட்டில் கை நீட்டினார்கள், அதனால் மாட்டிக்கொண்டார்கள். 150 ரூபாய் கை நீட்டுவதில்லை. மூணாவது மாடி கை நீட்டுவதில்லை. விலையின் மேல் எந்த ஸ்டேஷனில் வழக்குப் போடுவது?

என்ன செய்யலாம்?

பழைய கொட்டகை திரும்பி வராது. வர வேண்டும் என்று ஆசைப்படவும் இல்லை. மேட்டைக் கலைக்கச் சொன்ன குரலும் அந்தக் கொட்டகையில்தான் இருந்தது. ஆனால் பொது இடத்தில் உட்காரும் உரிமை நம் போராட்டத்தின் முதல் கோரிக்கை. சீனிவாசன் தெருவுக்குக் கேட்டதை, எம்.சி. ராஜா சட்டமாக்கியதை, இன்றைக்கு நாம் குளிர்சாதனக் கூடத்துக்கும் கேட்க வேண்டும்.

மூணு காரியங்கள் உடனே செய்யக்கூடியவை. முதலாவது, மலிவு டிக்கெட் என்று ஒன்று விதியில் இருக்குமானால் எத்தனை இருக்கை, எந்த வரிசை, எப்படி விற்கிறார்கள் என்பதை ஒவ்வொரு ஊரிலும் மாணவர்கள் கேட்டு வாங்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் எதற்கு இருக்கிறது? இரண்டாவது, 1975ல் தொடங்கிய கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் கைரளி, ஸ்ரீ என்று தானே தியேட்டர் நடத்துகிறது. சாராயக்கடை நடத்தத் தெரிந்த தமிழ்நாட்டு அரசுக்கு நகராட்சி தோறும் ஒரு கூடம் நடத்தத் தெரியாதா? நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் ரோஸி பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. கல்லெறிபட்டவளின் பெயரில் ஒரு திரை. அது சென்னையோடு நிற்காமல் ஆரணிக்கும் வரட்டும், சேரியின் சமுதாயக் கூடத்துக்கும் வரட்டும்.

மூணாவது காரியம் எழுத்து. தரை டிக்கெட்டில் உட்கார்ந்த தலைமுறைக்கு இன்று எழுபது, எண்பது வயது. சந்துவழி எவ்வளவு அகலம், யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள், விளக்கு போட்டதும் யார் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாயில் மட்டும்தான் இருக்கிறது. எந்தத் தியேட்டர் முதலாளியின் கணக்குப் புத்தகத்திலும் இது கிடைக்காது. இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் அவரவர் தெருவில் ஒரு கிழவியிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். இடித்த தியேட்டரின் பட்டாவும் பத்திரமும் அவர்களிடம் இருக்கட்டும். அங்கே உட்கார்ந்த வரலாறாவது நம்மிடம் இருக்கட்டும்.